ஜப்பானிய வாள்: மண் பூசித் தண்ணீரில் இறக்கும் அந்த நொடி

இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ஜப்பானிய வாளை ஆயிரம் முறை மடித்து அடிப்பார்களாமே, அதனால்தான் அதற்கு அவ்வளவு உறுதியா? அது ஏன் வளைந்திருக்கிறது? வெட்டும் விளிம்பான வாய்ப்பக்கம் அலை அலையாக ஓடும் வெள்ளைக் கோடு அலங்காரத்துக்குப் போடுவதா? ஒரு பழைய வாளைக் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்களே, அப்படி அதில் என்ன இருக்கிறது?

மடிப்பிலிருந்தே தொடங்குகிறேன். குழப்பம் அதில்தான் அதிகம். ஆயிரம் முறை யாரும் மடிப்பதில்லை. பெரும்பாலும் 10 முதல் 15 முறை, அவ்வளவுதான். ஒருமுறை மடித்தால் 2 அடுக்கு, இன்னொருமுறை மடித்தால் 4, அப்புறம் 8. இப்படியே போனால் 10ஆவது மடிப்பில் 1,024 அடுக்கு, 15ஆவது மடிப்பில் 32,768 அடுக்கு. அடுக்குக் கணக்கை யாரோ மடிப்புக் கணக்காக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நிஜமாகவே நூறு முறை மடித்தால் வாள் கெட்டுத்தான் போகும். ஒவ்வொரு முறை உலையில் காய்ச்சும்போதும் எஃகிலிருந்து கொஞ்சம் கார்பன் எரிந்துபோகிறது. கார்பன் போய்விட்டால் அது வெறும் மெல்லிரும்பு. என்ன செய்தாலும் அதற்கு வாய் பிடிக்காது.

அப்படியானால் எதற்கு மடிக்கிறார்கள்? கையில் கிடைக்கும் எஃகு ஒரே சீராக இல்லை என்பதால்தான். மடிப்பு வாளுக்கு ஏதோ மந்திர சக்தி கொடுக்கிறது என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எஃகு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.

ஜப்பானில் நல்ல இரும்புத் தாதுப் பாறை குறைவு. மேற்கே ஷிமானே மாகாணத்து மலைகளில் கிடைத்தது இரும்பு மணல். மலைச்சரிவை வெட்டி, மண்ணை வாய்க்காலில் கரைத்து விட்டால் லேசான மண் நீரோடு போய்விடும், கனமான கருமணல் அடியில் தங்கும். அப்படி வெட்டித் தட்டையாக்கிய மலைச்சரிவுகள் பின்னாளில் படிக்கட்டு வயல்களாயின. இன்றும் ஒக்குஇசுமோ பகுதியில் அவற்றில் நெல் விளைகிறது. அந்த மணலில் பாஸ்பரஸும் கந்தகமும் மிகக் குறைவு. இரண்டும் எஃகை நொறுங்கவைக்கும் கெடுதல்கள். எரிப்பதற்கு நிலக்கரி இல்லை, மரக்கரிதான். அதனால் அந்த வழியாகவும் கந்தகம் உள்ளே வருவதில்லை. அளவில் ஏழையான தாது, குணத்தில் சுத்தமானது.

இந்த மணலை எஃகாக்கும் உலைக்கு ததாரா என்று பெயர். களிமண்ணால் கட்டிய நீளத் தொட்டி போல இருக்கும். இப்போது ஒக்குஇசுமோவில் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் ததாராதான் வாள் கொல்லர்களுக்கு எஃகு தருகிறது. 1945இல் அணைந்துபோன ஓர் உலையின் இடத்தில் 1977இல் அதை மறுபடி மூட்டினார்கள். குளிர்காலத்தில் மட்டுமே எரிப்பார்கள். மூன்று பகல், மூன்று இரவு தூங்காமல் கரி ஒரு வரிசை, மணல் ஒரு வரிசை என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏறக்குறைய 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போகும். தலைமைக் கைவினைஞருக்கு முராகே என்று பெயர். தீயின் நிறத்தையும் உலையின் சத்தத்தையும் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். உலையின் சுவரும் சும்மா இருப்பதில்லை. அந்தக் களிமண்ணே கொஞ்சம் கொஞ்சமாக உருகி, கசடைப் பிரித்தெடுக்க உதவுகிறது. சுவர் இதற்கு மேல் தாங்காது என்ற நிலை வரும்போது உலையை உடைப்பார்கள். நடுவில் இரண்டரை டன் அளவில் தகதகவென்று ஒரு பாளம் கிடக்கும். அதன் பெயர் கேரா.

அந்தப் பாளம் முழுதாக உருகி ஆறியது இல்லை. அரைகுறையாக இளகி ஒட்டிக்கொண்டது. உடைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் கார்பன் அதிகம், ஓரிடத்தில் குறைவு, இடையில் கசடு, காற்றுப் பொந்து. அதில் நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் அதுதான் தமஹகனே. மணி போன்ற எஃகு என்று பொருள். முழுப் பாளத்தில் பாதிகூடத் தேறாது.

இங்கே நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. தென்னிந்தியாவில் இரும்பையும் தாவரப் பொருளையும் களிமண் மூசைக்குள் வைத்து மூடி, முழுக்க உருகும்வரை காய்ச்சினார்கள். முழுதாக உருகிவிட்டால் கசடு மேலே மிதந்துவிடும். ஆறிய பிறகு கிடைப்பது சுத்தமான எஃகுக் கட்டி, அதுதான் உருக்கு. மடித்து மடித்துச் சுத்தம் செய்ய வேண்டிய வேலையே அதில் இல்லை. தமிழ்நாட்டில் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உருக்கும் தமஹகனேயும் ஒரே வேலையை இரண்டு எதிரெதிர் வழிகளில் முடித்தன. இரண்டும் ஒருவேளை சந்தித்தும் இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் ஜப்பானுக்கு வந்த இரும்பை நன்பன்-தெத்சு, அதாவது தெற்கத்திப் பிறநாட்டார் இரும்பு, என்று அழைத்தார்கள். ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயேயாசுவுக்கு வாள் செய்த யாசுத்சுகு என்ற கொல்லர், இந்த இரும்பால் செய்தது என்று தன் வாள்களில் பெருமையாகவே பொறித்தார். அந்த இரும்பு இந்தியாவிலிருந்து போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

சரி, பட்டறைக்கு வருவோம். கொல்லர் முதலில் தமஹகனேத் துண்டுகளைக் காய்ச்சித் தட்டையாக்கித் தண்ணீரில் போடுவார். கார்பன் அதிகமுள்ள துண்டு பளிச்சென்று உடையும். குறைவாக உள்ளது உடையாமல் வளையும். எந்தக் கருவியும் இல்லாமல் இப்படியே தரம் பிரித்துவிடுவார். வாய்க்கு வேண்டியது ஒரு பக்கம், உள்ளே வைக்க வேண்டியது ஒரு பக்கம். உடைந்த சில்லுகளைக் கைப்பிடி வைத்த ஒரு தகட்டின் மேல் செங்கல் அடுக்குவது போல நெருக்கமாக அடுக்கி, ஈரக் காகிதத்தால் சுற்றி, களிமண் குழம்பு ஊற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி உலைக்குள் வைப்பார். சாம்பலும் மண்ணும் மேலே கண்ணாடி போல உருகி மூடிக்கொள்ளும். காற்று பட்டு எஃகு எரிந்துபோகாமல் அது காக்கும். உள்ளே இருப்பது வெந்து ஒட்டும்.

பிறகு சம்மட்டி. தட்டி நீட்டி, நடுவில் வெட்டு வைத்து, மடித்து, மறுபடி அடி. அடிக்கும்போது தெறிக்கிறதே பொறி, அதில் பாதி கசடுதான். மடிக்க மடிக்கக் கசடு வெளியேறும், கார்பன் எல்லா இடத்திலும் பரவிச் சமமாகும். தொடக்கத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்த கார்பன் கடைசியில் 0.6, 0.7 சதவீதம் அளவுக்கு இறங்கி நிற்கும். வாள்வாய்க்குச் சரியான இடம் அதுதான். எடையில் பாதிக்கு மேல் செதிலாகவும் பொறியாகவும் தரையில் போய்விடும். சப்பாத்தி மாவைப் பிசைவது போன்ற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசைவதால் மாவு கோதுமையை விட உயர்ந்த பொருளாகிவிடுவதில்லை, கட்டியில்லாமல் ஒன்றாகிறது. மடிப்பும் அப்படித்தான். கூடவே கிடைத்த ஒரு அழகு, அடுக்குகள் வாளின் உடம்பில் மரக்கட்டையின் வரி போலத் தெரிவது. பலகை வரி, நேர் வரி, சுழி வரி என்று அதற்கும் வகைகள் உண்டு. கஸ்ஸான் என்ற கொல்லர் மரபினர் செய்த வாள்களில் அது சீரான அலையாகவே ஓடும்.

சம்மட்டி அடிப்பவர்கள் சீடர்கள். குருவின் கையில் சிறு சுத்தியல் மட்டும். அவர் பட்டடையில் ஒரு தட்டு தட்டிச் சைகை காட்ட, எதிரில் நிற்கும் சீடர் சம்மட்டியை இறக்குவார். தட்டு, அடி, தட்டு, அடி. இந்த மாறிமாறி அடிக்கு ஜப்பானிய மொழியில் அய்சுச்சி என்று பெயர். இன்றைக்கு ஜப்பானியர் ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் இடையிடையே "ஹாய், ஹாய்" என்று "ம்" கொட்டுவதற்கும் அதுதான் பெயர். இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை என்றால் "வளைவு பொருந்தவில்லை" என்பார்கள். வாளின் வளைவும் உறையின் வளைவும். பிரிந்தவர்கள் சேர்ந்தால் "பழைய உறைக்கே திரும்பியது". வாள் இடுப்பை விட்டுப் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் பேச்சை விட்டுப் போகவில்லை.

இப்போது முக்கியமான முரண்பாட்டுக்கு வருகிறேன். அருவாள் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது. காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும் தோய்ச்சல் அதிகமானால் வாய் கூராக நிற்கும், ஆனால் கல்லில் பட்டால் பிளந்துவிடும். தோய்ச்சல் குறைந்தால் உடையாது, ஆனால் வாய் மடங்கும். கடினமும் தாங்குசக்தியும் ஒரே எஃகில் ஒன்றாக நிற்காது. ஜப்பானிய வாளின் மொத்த வடிவமைப்பும் இந்த ஒரு சிக்கலுக்கான பதில்தான்.

முதல் பதில், இரண்டு எஃகு. கார்பன் அதிகமுள்ள எஃகை ஓலைக் கொட்டான் போல மடக்கி, அதற்குள் மென்மையான இரும்பைச் செருகி ஒன்றாக வெல்ட் அடிப்பது ஒரு முறை. வெளியே கடினம், உள்ளே மென்மை. வேறு சேர்க்கைகளும் உண்டு. ஒரே எஃகில் செய்த நல்ல வாள்களும் உண்டு. ஆகவே இதை மட்டும் ரகசியம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது பதில்தான் இந்த வாளின் உயிர். மண்ணும் தண்ணீரும்.

அடித்து, உளியால் சீவி, அரத்தால் தேய்த்து வாளுக்கு உருவம் வந்த பிறகு, கொல்லர் களிமண்ணோடு கரித்தூளும் கல்தூளும் கலந்து ஒரு பூச்சு தயார் செய்வார். கலவை விகிதம் பட்டறைக்குப் பட்டறை வேறு. முதுகுப் பக்கம் தடிமனாகப் பூசுவார். வாய்ப்பக்கம் காகிதம் போல மெல்லிசாக. இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லையைத் தன் விருப்பம் போல நேராகவோ அலையாகவோ வரைவார். எல்லையிலிருந்து வாயை நோக்கிக் குறுக்காக மெல்லிய மண் கோடுகளும் இழுப்பார். அந்தக் கோடுகளுக்குக் கீழே எஃகு சற்று மென்மையாகவே இருந்துவிடும். நாளை வாயில் ஒரு பிசிறு உடைந்தாலும் அந்த மென்மையான இடத்தோடு உடைப்பு நின்றுவிடும், நீளத்துக்கும் ஓடாது. ஒரு தூரிகைக் கோட்டில் இவ்வளவு முன்யோசனை.

பட்டறையை இருட்டாக்குவார்கள். பல கொல்லர்கள் இரவில்தான் இதைச் செய்வார்கள், ஏனென்றால் சூட்டை அளப்பது கண். உலையில் கரியைச் சிறு சிறு துண்டாக ஒரே அளவில் நறுக்கிப் போட்டிருப்பார்கள்; சீடர்களுக்கு கரி வெட்டவே மூன்று வருஷம் என்று ஒரு வழக்கு உண்டு. வாள் நுனி முதல் அடி வரை ஒரே சிவப்பாக வர வேண்டும். ஏறக்குறைய 750இலிருந்து 800 டிகிரி செல்சியஸ். கொஞ்சம் குறைந்தால் எஃகு கடினப்படாது. கொஞ்சம் கூடினால் எஃகுக்குள் இருக்கும் பொடிமணிகள் பருத்து, வாள் நொறுங்கும். அந்த நிறம் வந்தது என்று கண் சொன்னதும் வெளியே எடுத்து நீளத் தொட்டித் தண்ணீரில் ஒரே வீச்சில் இறக்குவார்.

தண்ணீருக்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பழுக்கக் காய்ந்த வெற்று எஃகைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் நீராவிப் படலம் உருவாகி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி ஓடி விளையாடுகிறதே, அதே சங்கதி. வாய்ப்பக்கம் உள்ள மெல்லிய மண் பூச்சு அந்தப் படலத்தை உடைத்து, வெற்று எஃகைவிட வேகமாக வாயைக் குளிரவைக்கிறது. முதுகில் உள்ள தடித்த பூச்சு போர்வை போல வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. சட்டென்று குளிர்ந்த வாய்ப்பக்கம் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறும். மெதுவாகக் குளிர்ந்த முதுகு பெர்லைட் போன்ற தாங்குசக்தி உள்ள அமைப்பாக நிற்கும். ஒரே எஃகு, ஒரே தண்ணீர், சில நொடி. ஆனால் ஒரே உடம்பில் இரண்டு குணம்.

வளைவும் அங்கேதான் வருகிறது. வாய் முதலில் குளிர்ந்து சுருங்குவதால் வாள் ஒரு கணம் வாய்ப்பக்கமாகக் குனியும். அடுத்த கணம் அந்த வாய் மார்ட்டென்சைட்டாக மாறும்போது அதிக இடம் கேட்டு விரியும். வாள் எதிர்ப்பக்கம் நிமிரும். முதுகு பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது அந்த வளைவு நிலைத்துவிடும். உலையில் கொல்லர் கொடுத்த லேசான வளைவோடு தண்ணீர் கொடுக்கும் வளைவும் சேரும். எவ்வளவு சேரும் என்று அவர் முன்பே கணித்து, அதற்கேற்றபடி குறைத்து அடித்து வைத்திருக்க வேண்டும். இந்த இழுபறியில் இன்னொரு நன்மையும் உண்டு. வாய்ப்பக்கம் எப்போதும் அமுக்கப்பட்ட நிலையிலேயே இருப்பதால் அங்கே விரிசல் எளிதில் திறக்காது.

ஆனால் தண்ணீரில் வைத்தே விரிசல் விழுந்துவிட்டால் முடிந்தது கதை. சன்னமாக "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். வாயில் குறுக்காக விழுந்த விரிசலுக்கு மருந்து கிடையாது. ததாராவின் மூன்று ராத்திரி, பல வார அடி, எல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விடும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடும்போது ஊரே கூடி நிற்கும் படபடப்பைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய படபடப்பு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்ணீரின் சூடு எவ்வளவு என்பதை எந்தப் பட்டறையும் வெளியே சொல்லாது. குருவின் தொட்டியில் கள்ளத்தனமாகக் கை விட்டுப் பார்த்த சீடனின் கையைக் குரு வெட்டினார் என்று ஒரு பழங்கதைகூட உண்டு.

தம்பி கேட்ட வெள்ளைக் கோடு இந்த நொடியின் தழும்புதான். ஹமோன் என்பார்கள். வெளியிலிருந்து வரைந்த கோடு இல்லை அது. கடின எஃகும் மென் எஃகும் சந்திக்கும் எல்லை. அந்த எல்லையில் மார்ட்டென்சைட் மணிகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக இருந்தால் நியே. நட்சத்திரம் இறைத்தது போல மினுங்கும். மணிகள் பிரித்தறிய முடியாத அளவு பொடியாக இருந்தால் நியோய்; காலைப் பனி போல மங்கலாகப் படர்ந்திருக்கும். 1300ஐ ஒட்டிய காலத்தில் கமக்குராவில் வாழ்ந்த மசமுனே என்ற கொல்லரின் புகழ் நியேயால் வந்தது. பிசென் என்ற பழைய மாகாணத்தின் ஓசாஃபுனே ஊர்க் கொல்லர்களின் புகழ் நியோயால் வந்தது. ஓசாஃபுனேக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வடிவத்தின் பெயர் சோஜி, அதாவது கிராம்பு. வரிசையாகக் கிராம்பு மொட்டுகளை நட்டு வைத்தது போல ஹமோன் குமிழ் குமிழாக எழும். வாள் துருப்பிடிக்காமல் பூசும் எண்ணெய்க்கும் சோஜி எண்ணெய் என்றே பெயர். கிராம்பு வாசனை அதில் இருக்கும். இன்று அட்டூழியமாக ஒரு வேலை நடக்கிறது. கடைகளில் விற்கும் மலிவான வாள்களில் அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ இந்தக் கோட்டைப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் எதுவுமே இல்லாத கோடு அது.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்ககால ஜப்பானிய வாள்கள் நேரானவை. குதிரை மேல் இருந்து வீசும் போர்முறை வளர்ந்த ஹேய்யான் காலத்தில், 10, 11ஆம் நூற்றாண்டுகளில், வளைவு வந்தது. வளைந்த வாள் ஒரே இழுப்பில் உருவ வரும், பட்ட இடத்தில் சறுக்கிக்கொண்டே வெட்டும். தாச்சி என்ற பழைய வகை வாள், வாய் கீழே பார்க்க இடுப்பில் தொங்கும். பின்னால் வந்த கத்தானா என்ற வகை, வாய் மேலே பார்க்கக் கச்சையில் செருகப்படும். பக்கவாட்டில் நீளத்துக்கும் ஓடும் மேடு, முதுகைக் கனமாக்காமல் விறைப்பைக் கொடுக்கிறது. சில வாள்களில் மேட்டை ஒட்டி ஒரு பள்ளம் ஓடும். ரத்தம் வழிவதற்கு என்று சொல்வார்கள், தவறு. ரயில் தண்டவாளத்தின் நடுப்பகுதியை ஏன் மெலிதாக்குகிறார்களோ அதே காரணம்தான்: எடை குறையும், விறைப்பு பெரிதாகக் குறையாது. 70 சென்டிமீட்டர் வாய் உள்ள ஒரு கத்தானா, பிடியோடு சேர்த்து 1 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும். அவ்வளவுதான்.

கொல்லரிடமிருந்து வரும் வாளைக் கையில் கொடுத்தால் நம்மில் யாரும் மதிக்கமாட்டோம். கறுத்து, கரடாக இருக்கும். அதற்குள் இருப்பதை வெளியே கொண்டுவருபவர் தோகிஷி, சாணைக்காரர். என் மனசுக்கு இவருக்குக் கிடைக்க வேண்டிய பேரில் பாதிகூடக் கிடைக்கவில்லை. கரடான கல்லில் தொடங்கி மெல்ல மெல்ல நைசான கல்லுக்குப் போவார். முந்தைய கல்லின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல் அடுத்த கல் அழிக்க வேண்டும். கடைசிக் கற்கள் கியோட்டோவின் நருதாக்கி மலையில் கிடைப்பவை. அந்தக் கல்லையே நகத்தளவு சில்லாகச் சீவி, காகிதம் ஒட்டி, கட்டைவிரலுக்கு அடியில் வைத்து விரல் நுனியால் தேய்ப்பார். ஒரு வாளுக்குப் பல வாரம் ஆகும். மேட்டின் விளிம்பு ஒரு மயிரிழை உருண்டாலும் வாளின் முகமே மாறிவிடும். தேய்த்த எஃகைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் வாள் கொஞ்சம் மெலிகிறது. ஆகவே 700 வருஷ வாள் ஒன்று நம் முன் இருக்கிறது என்றால், அதைத் தேவைக்கு மேல் தேய்க்காத பல தலைமுறைச் சாணைக்காரர்களும் அதற்குக் காரணம். ஹொனாமி குடும்பம் இந்தத் தொழிலிலும் வாள் மதிப்பீட்டிலும் பல நூற்றாண்டு நிலைத்தது. கையெழுத்துக் கலையிலும் மண்பாண்டத்திலும் பேர்பெற்ற ஹொனாமி கோயெத்சு (1558–1637) அந்த வீட்டுப் பிள்ளை.

இவர்களோடு இன்னும் சிலர். வாளின் அடியைச் சுற்றி ஹபாகி என்ற செப்பு வளையம் செய்பவர். வாள் உறைக்குள் ஆடாமல், உறையின் உட்புறத்தில் உரசாமல் பிடித்து நிறுத்துவது அந்தச் சின்ன வளையம்தான். உறை செய்பவர் மக்னோலியா வகையைச் சேர்ந்த ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுவார். வலுவான பசை கிடைக்காமல் இல்லை. என்றைக்காவது உள்ளே துரு வந்தால் உறையைப் பிளந்து சுத்தம் செய்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டுமே, அதற்காகத்தான் சோற்றுப் பசை. பிடியில் திருக்கை மீனின் சொரசொரப்பான தோல், அதன் மேல் பின்னிய நாடா. மொத்தத்தையும் பூட்டி வைத்திருப்பது ஒரே ஒரு மூங்கில் ஆப்பு.

விலை. 1876இல் அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தபோது பல பட்டறைகள் மூடின. கஸ்ஸான் சதகாசு போன்ற சிலர் பிடிவாதமாக உலையை அணையவிடாமல் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மறுபடி தடை. 1950களில்தான் அனுமதி திரும்பியது. இன்று வாள் செய்ய உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது 5 ஆண்டு சீடராக இருந்து, அரசின் கலாச்சாரத் துறை வைக்கும் தேர்வில் தேற வேண்டும். தேறிய பிறகும் மாதத்துக்கு நீளவாள் 2க்கு மேல் செய்யக்கூடாது. அவசரப்பட்டு மட்டமாகச் செய்துவிடக் கூடாது என்பதற்கு இப்படி ஒரு வரம்பு. சீடருக்குச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. புது வாள் ஒன்றின் விலையில் எஃகு, கரி, கொல்லர், சாணைக்காரர், ஹபாகிக்காரர், உறைக்காரர் என்று இத்தனை பேரின் மாதங்கள் இருக்கின்றன.

பழைய வாளின் கணக்கு வேறு. பிசென் வாள்களில் சான்சோமோ என்று ஒன்று உண்டு. அதன் ஹமோன் காட்டுப்பறவையின் இறகு போலப் பொங்கி எழுவதால் அந்தப் பெயர். ஓசாஃபுனே இன்று இருப்பது செத்தோவுச்சி என்ற சின்ன நகரத்தில். தங்கள் மண்ணில் பிறந்த வாள் வேறெங்கும் போய்விடக் கூடாது என்று அந்த நகரம் மக்களிடம் நன்கொடை திரட்டி, 2020இல் 50 கோடி யென்னுக்கு அதை வாங்கியது. வெட்டுவதற்கு யாரும் அதை வாங்கவில்லை. மண் பூசித் தண்ணீரில் இறக்கிய ஒரு கொல்லரின் கை, 13ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை அந்த எஃகில் அப்படியே நிற்கிறது. அதற்குத்தான் அந்தப் பணம். எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

எப்போதாவது நேரில் பார்க்க வாய்த்தால், டோக்கியோவில் ரியோகொக்கு பக்கம் வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்திலும் எப்போதும் சில வாள்கள் காட்சியில் இருக்கும். பலரும் கண்ணாடிக்கு முன் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். முதலில் இரண்டடி தள்ளி நின்று முழு வளைவையும் பாருங்கள். பிடியை ஒட்டிய பக்கம் அதிகம் வளைந்திருந்தால் பழைய தாச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் கிட்டே போய் உடம்பின் மரவரியைத் தேடுங்கள். பிடிக்குள் மறையும் அடிப்பகுதி கறுத்துத் துருவேறி இருக்கும். அழுக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தத் துருவின் நிறம்தான் வயதைச் சொல்லும், அதை யாரும் துடைக்கமாட்டார்கள். கொல்லரின் பெயர் உளியால் பொறித்திருப்பதும் அங்கேதான். பல பழைய வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கமாக வெட்டிக் குட்டையாக்கியபோது அந்தப் பெயர் போய்விட்டது. அவற்றை இன்று யாருடையது என்று அறிஞர்கள் சொல்வது வளைவையும் வரியையும் ஹமோனையும் மட்டும் வைத்துத்தான்.

ஹமோனை நேராக நின்று பார்த்தால் தெரியாது. முழங்காலை மடித்துக் குனிந்து, கண்ணை வாளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தலையை மெல்ல அசையுங்கள். மேலே உள்ள விளக்கின் பிம்பம் எஃகின் மேல் ஊர்ந்து வரும். அது வாய்க்கோட்டைத் தொடும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். அதுவரை வெறும் வெள்ளையாகத் தெரிந்த கோட்டுக்குள் மணி மணியாக ஒளி எழும்.